பன்னிரண்டாவது துண்டு

பெரிய வியாழன் அன்று மதியம், பன்னிரண்டாவது துண்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் சிலுவையம்மாளுக்கு விஷயம் தெரிந்தது. சொன்னவர் அவள் புருஷன் இக்னேஷியஸ். காலமெல்லாம் ஹார்பரில் கண்டெய்னர்களைக் கட்டி அவிழ்த்த மனுஷன். தன் வாயிலிருந்து ஒரு வார்த்தையை அவிழ்க்க மட்டும் காலையிலிருந்து திணறிக்கொண்டிருந்தார்.

"நம்ம அன்பியத்துலேர்ந்து இந்த வாட்டி டெரிக்கு பேர குட்த்துகீறேன்," என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

இஸ்திரிப் பெட்டி துண்டின் மேல் அப்படியே நின்றுவிட்டது. கருகல் வாசனை வந்த பிறகுதான் எடுத்தாள். வெள்ளைத் துண்டில் பழுப்பாக ஒரு முக்கோணம் விழுந்திருந்தது.

அன்பியம் என்பது தெருவுக்குத் தெரு கோயில் வைத்திருக்கும் ஜெபக் குழு. அந்தத் தெருவுக்கு இக்னேஷியஸ்தான் தலைவர். திருவொற்றியூரைத் தாண்டி, எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் சூசையப்பர் கோயிலில் பெரிய வியாழன் வந்தால் அன்பியத்துக்கு ஒரு ஆள் வீதம் பன்னிரண்டு பேர் பீடத்துக்கு முன்னால் வரிசையாக உட்காருவார்கள். சாவதற்கு முந்தின இரவு இயேசு தம் சீடர்களுக்குச் செய்தது போல, சாமியார் மண்டியிட்டு அவர்கள் பாதங்களைக் கழுவித் துடைப்பார். துடைக்கிற துண்டுகளைத் துவைத்து, நீலம் போட்டு, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து தருவது சிலுவையம்மாளின் நேர்ச்சை. கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து, அபின் பிறந்தபோது நேர்ந்துகொண்டது. அபின் போன பிறகும் அவள் அதை விடவில்லை. ஊர் ஆச்சரியப்பட்டது. கடவுளோடு கோபம் வேறு, கொடுத்த வாக்கு வேறு என்று அவள் ஒரே பேச்சில் ஊரின் வாயை அடைத்துவிட்டாள்.

இப்போது அந்தத் துண்டில் கால் துடைத்துக்கொள்ள டெரிக் வரப்போகிறான்.

துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் டிரைலர்கள் அந்தச் சாலையில் நாள் கணக்கில் நிற்கும். வெயில் தாளாமல் டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே சாக்கை விரித்துப் படுப்பார்கள். அப்படிப் படுக்கிறவன் ஸ்டீயரிங்கில் ஒரு துண்டைக் கட்டிவிட்டுப் படுக்க வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறினவனும் கிடையாது. வரிசை நகர்ந்தால் பக்கத்தில் இருப்பவன் எவனோ ஏறி அடுத்தவன் வண்டியையும் முன்னால் நகர்த்திவிடுவான். துண்டு கட்டிய வண்டியை மட்டும் எவனும் தொடமாட்டான். துண்டு தொங்கினால் கீழே ஒரு உயிர் படுத்திருக்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், கத்திரி வெயிலில், அபின் தன் டிரைலருக்கு அடியில் படுத்திருந்தான். வரிசை நகர்ந்தது. பின்னாலிருந்து ஹாரன்கள் கத்தின. அபினின் வண்டியில் ஏறி அதை நகர்த்தியவன் டெரிக். அபினோடு ஒரே தெருவில் வளர்ந்து, ஒன்றாக லைசென்ஸ் எடுத்து, அவன் வீட்டுச் சோற்றையே பாதி நாள் தின்ற தோஸ்து.

"வண்டியில துண்டு இல்ல," என்று டெரிக் போலீசில் சொன்னான். அந்த ஒரு வார்த்தையில் தப்பு செத்தவன் தலையில் ஏறிவிட்டது. துண்டு கட்டாத வண்டியை யார்தான் எடுக்கமாட்டார்கள் என்று மற்ற டிரைவர்களும் சொல்ல, கேஸ் தானாகவே நமத்துப்போனது. சாவுக்கு வந்தவர்கள்கூட, "ஒரு துண்டு கட்ட சோம்பேறித்தனம் பட்டான் பாரு புள்ள," என்று உச்சுக்கொட்டினார்கள். பெற்றவள் காதில் விழும்படியே உச்சுக்கொட்டினார்கள்.

ஆனால் சிலுவையம்மாளுக்குத் தெரியும். அன்று செய்தி சொல்ல ஓடிவந்தவனே டெரிக்தான். வாசலில் விழுந்து மண்ணில் புரண்டவன் கழுத்தில் ஒரு துண்டு கிடந்தது. நீலக் கரை போட்டு, மூலையில் சிவப்பு நூலால் ஒரு சின்னச் சிலுவை தைத்த துண்டு. தைத்தவள் அவள்தான். அப்போது கண் பார்த்தது, மனசு வாங்கிக்கொள்ளவில்லை. அடக்கமெல்லாம் முடிந்து, பக்கத்து வீட்டார் கொண்டுவந்த சோற்றில் கை வைத்தபோதுதான் சட்டென்று ஞாபகம் வந்தது. தட்டைத் தள்ளிவிட்டுப் போலீசுக்கு ஓடினாள். ஊர்பட்ட பேர் துண்டு போடுகிறார்கள், வீட்டுக்குப் போம்மா என்றார்கள். இக்னேஷியஸ், துக்கத்தில் எதையோ பார்த்து எதையோ நினைக்கிறாள் என்றார். அன்றிலிருந்து அந்தத் துண்டை உலகத்தில் பார்த்த ஒரே ஆள் அவள்தான்.

"என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியாய்யா?" என்றாள் இப்போது. "எம் புள்ளைய கொன்னவன மன்னிக்க நீ யாரு? பாதி புள்ள என்து."

"கேட்டா நீ வுட்ருவியாமே? அவன் தண்டையார்பேட்ட குடோன்ல மூட்ட தூக்கிகினு கெடந்தான். இப்போ அக்கா வூட்டுக்கு வந்துகீறான். வேல முடிஞ்சா கடலோரம் கல்லு மேல போயி குந்திகிறான். யார்கிட்டயும் பேசறதில்ல. எனக்கு பயமா கீது."

"குந்தட்டும். எம் புள்ள மண்ணுக்குள்ள கீறான்." இஸ்திரிப் பெட்டியை டங்கென்று நிறுத்தினாள். "நான் இன்னா பெர்சா கேக்குறேன்? துண்டு இருந்துச்சி, நான்தான் அவுத்தேன்னு அவன் வாயத் தொறந்து சொல்லட்டும். அதுக்கப்பறம் மன்னிக்கிறதா வாணாமான்னு நான் பாத்துக்குறேன்."

"அதுக்குப் பேரு மன்னிப்பு இல்லமே. யாவாரம்."

"யாவாரம்னே வெச்சிக்க."

"யேசப்பா யூதாசு காலயுந்தான் கய்வனாரு. காட்டிக்குடுக்கப் போறான்னு தெரிஞ்சிகினேதான் கய்வனாரு."

"அவரு கடவுளு. நான் சிலுவையம்மா. எனக்கு ஒரே புள்ள."

அவருக்கும் ஒரே பிள்ளைதான் என்று இக்னேஷியஸ் சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கிக்கொண்டார். வாழ்க்கையில் அவர் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் அதுவும் ஒன்று.

அவர் குளிக்கப் போன சமயத்தில் அவள் துண்டுகளை மடித்துக் கூடையில் அடுக்கினாள். பதினொன்றை மேலே வைத்தாள். கருகின பன்னிரண்டாவதைச் சின்னதாக மடித்துக் கூடையின் அடியில், ஜெபமாலைக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் கீழே, திணித்தாள். சாமியார் கடைசி ஆளிடம் வருவார், காலைக் கழுவுவார், துண்டுக்குக் கை நீட்டுவார். துண்டு இருக்காது. அப்போது அவள் எழுந்து நின்று கேட்பாள்: துண்டு எங்கேன்னு அவனையே கேளுங்க ஃபாதர், துண்டு எங்க போச்சுன்னு அவனுக்குத்தான் தெரியும். கோயிலின் பங்குச் சனம் முழுக்க உட்கார்ந்திருக்கும். டிரைவர்கள் இருப்பார்கள், உச்சுக்கொட்டின பெண்கள் இருப்பார்கள். ஈரக் காலோடு, பீடத்துக்கு முன்னால், அவன் எங்கே ஓடுவான்? மூன்று வருஷமாக அவளுக்கு இவ்வளவு தெளிவாக எதுவும் தோன்றியதில்லை. அந்தத் தெளிவு அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

சாயங்காலம் கோயிலில் நிற்க இடமில்லை. மின்விசிறிகள் சுற்றின, காற்றுதான் வரவில்லை. வெளியே சாலையில் டிரைலர்கள் உறுமிக்கொண்டிருந்தன. பூசைக்கு வேண்டியதை எடுத்துவைக்கும் கோயில்பிள்ளை அம்புரோஸ் துண்டுகளை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்.

"பன்னெண்டு கீதாம்மா?"

"கீது," என்றாள். பெரிய வியாழன் அன்று, கோயிலுக்குள் நின்று, கூசாமல் பொய் சொன்னாள். அம்புரோஸ் எண்ணிப் பார்க்கவில்லை. அவள் கொண்டுவந்ததை இத்தனை வருஷத்தில் அவர் எண்ணியதே இல்லை.

பெண்கள் பக்கம் முதல் வரிசையில், தூணோரமாகத் தரையில் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு நாற்காலிகளில் ஆண்கள் வந்து உட்கார்ந்தார்கள். கடைசி நாற்காலி அவளுக்கு நேர் எதிரே இருந்தது. டெரிக் தலையைக் குனிந்துகொண்டு வந்தான். பாதி ஆளாகிப்போயிருந்தான். பின்னால் இரண்டு மூன்று பெண்கள் கிசுகிசுத்தார்கள். அவன் இவள் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, பார்க்கக் கூடாததைப் பார்த்தவன் போலக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். பார், நல்லாப் பார், என்று அவள் உள்ளுக்குள் சொன்னாள்.

சாமியார் ஷிபின் கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர், சின்ன வயசு. இந்தப் பங்குக்கு வந்தே சில மாதங்கள்தான். அபின் கதையெல்லாம் அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். பிரசங்கத்தை நீட்டவில்லை. "மக்களே, தண்ணி ஊத்தும்போ ஆண்டவர் யாருகிட்டயும் ஒண்ணும் கேக்கல்ல. நீ நல்லவனான்னு கேக்கல்ல, இனி ஒழுங்கா இருப்பியான்னும் கேக்கல்ல. கழுவினாரு. அவ்வளவுதான்," என்றார். சிலுவையம்மாள் பல்லைக் கடித்தாள். பிள்ளை பெறாத சாமியாருக்குப் பேச என்ன கஷ்டம் என்று நினைத்தாள்.

சாமியார் மேலங்கியைக் கழற்றிவிட்டு மண்டியிட்டார். அம்புரோஸ் ஒரு கையில் செம்பும் மறு கையில் தாம்பாளமுமாகப் பின்னாலேயே போனார். ஒருவர் காலுக்குத் தண்ணீர், ஒரு துண்டு. அடுத்தவர் காலுக்குத் தண்ணீர், ஒரு துண்டு. பாடகர்கள் மெதுவாகப் பாடினார்கள். தாம்பாளத்தில் அடுக்கு குறையக் குறைய அவள் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். தொண்டைக்குள் வாக்கியத்தைச் சரிபார்த்துக்கொண்டாள். துண்டு எங்கேன்னு அவனையே கேளுங்க ஃபாதர். ஆண்கள் பக்கம் இக்னேஷியஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏதோ வாடை அடித்துவிட்டது.

சாமியார் கடைசி நாற்காலிக்கு வந்தார். டெரிக்கின் இடது காலைத் தூக்கித் தண்ணீர் ஊற்றினார். பிறகு வலது கால். இரண்டையும் கழுவிவிட்டுத் திரும்பாமலே கையை நீட்டினார்.

கையில் எதுவும் விழவில்லை.

அம்புரோஸ் வெறும் தாம்பாளத்தைப் பார்த்தார். "ஒன்னு கொறையுது ஃபாதர்," என்று முணுமுணுத்தார். பாட்டு முடிந்துபோய்ப் பாடகர்களும் எட்டிப் பார்த்தார்கள். அம்புரோஸ், துடைத்துப் போட்ட ஈரத் துண்டு ஒன்றை எடுக்கக் குனிந்தார். இதை விட்டால் நேரம் போய்விடும். சிலுவையம்மாள் எழுந்து நின்றாள். கூடையிலிருந்த பாட்டில் உருண்டு விழுந்து, அந்த அமைதியில் டமாரென்று சத்தம் போட்டது. கோயிலே திரும்பிப் பார்த்தது.

டெரிக்கும் பார்த்தான். வெறும் தாம்பாளத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது அவளுக்கும் தெரிந்தது. முகத்தில் ரத்தம் செத்துப்போய், எழுந்து ஓடுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் ஓடவில்லை. வரப்போகிற அடியை வாங்கிக்கொள்ளக் கண்ணை மூடிக்கொண்டான். சாமியாரின் ஒரு கை இன்னும் அவன் வலது காலைப் பிடித்திருந்தது. மொசைக் தரையில் தண்ணீர் சொட்டியது.

அந்தக் கால்தான். ஆக்சிலேட்டரை மிதித்த வலது கால். கட்டைவிரலில் நகம் கிடையாது. சின்ன வயசில் இரண்டு பேரும் அலைத்தடுப்புக் கல் மேலிருந்து குதித்தபோது இவன் நகத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்தான். அபின் அவனைவிடப் பலமாக அழுதான். மஞ்சளை அரைத்து வைத்தவள் அவள்தான். "ஈரக் காலோட வூட்டுக்குள்ள வராதீங்கடா," என்று கத்தி, இரண்டு பேருக்கும் ஒரே துணியை வீசினவளும் அவள்தான்.

வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. சொல்லிவிட்டால் போதும். அபின் பேர் சுத்தமாகிவிடும். இவன் செத்தான்.

இவன் நிஜமாகவே செத்துப்போவான் என்று அவளுக்குப் பட்டது. இங்கிருந்து நேராக அந்தக் கல்லுக்குத்தான் போவான். போகட்டுமே என்று ஒரு மனசு சொன்னது. அதே மனசுதான் அந்தச் சாமியாரின் நனைந்த கையையும் பார்த்தது. கழுவினவர் ஒன்றும் கேட்காமல் கழுவிவிட்டார். மேலே சிலுவையில் தொங்குகிறவரும் ஒன்றும் கேட்கவில்லை. இந்தக் கோயிலிலேயே ஒரு துண்டைக் கூடையில் ஒளித்து வைத்துக்கொண்டு அதற்கு விலை கேட்டுக்கொண்டு நிற்பவள் தான் ஒருத்திதான். அவளுக்கு அவமானமாக இருந்தது. கோபமும் போகவில்லை.

கூடையோடு முன்னால் நடந்தாள். கூட்டம் மூச்சை இழுத்தது. "ஏமே!" என்று பாதி எழுந்தார் இக்னேஷியஸ். அவள் அடிக்கப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். நடக்கும்போது அவளுக்கே உறுதியாகத் தெரியாது. டெரிக்கின் முன்னால் போய் நின்றபோது முழங்கால்கள் தாமாகவே மடிந்தன. கூடைக்குள் கையை விட்டு, அடியிலிருந்து பன்னிரண்டாவது துண்டை எடுத்தாள். சாமியார் நகர்ந்து இடம் விட்டார்.

"வாணாம்மா," என்றான் டெரிக். குரல் வெளியே வரவில்லை, உதடுதான் அசைந்தது. "நீ தொடாதம்மா. எனக்கு அந்தத் தகுதி இல்ல."

"யாருக்குடா கீது?" என்று பல்லுக்கிடையில் சொன்னாள். "பூசையில தகுதி இல்லன்னு வாயால சொல்லிட்டு, மறு நிமிசமே லைன்ல போயி நின்னு நன்மை அப்பம் வாங்கிகினு வர்ல எல்லாரும்? கால காட்டு."

வலது காலைப் பிடித்தாள். பிடித்ததும் உடம்பெல்லாம் கூசியது. இந்தக் கால், இந்தக் கால் என்று மண்டைக்குள் ஒரே சத்தம். விடாமல் துடைத்தாள். பாதத்தை, குதிகாலை, விரலிடுக்கை, நகமில்லாத கட்டைவிரலை. அவள் கண்ணீரும் விழுந்துகொண்டிருந்ததால் துடைத்த இடம் திரும்பத் திரும்ப ஈரமானது. எரிச்சலோடு அதையும் துடைத்தாள்.

"ஒன்ன மன்னிச்சிட்டேன்," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். "மனசு இன்னும் வர்ல. அது எப்போ வருமோ, பின்னால வரட்டும். வாயி மொதல்ல சொல்லிடுச்சி. நீ ஒன்னும் சொல்ல வாணாம். அந்தக் கல்லு மேல போயி குந்தாத. வூட்டுக்கு வந்து சோறு துன்னு."

டெரிக்கின் உடம்பு குலுங்கியது. சத்தம் முதலில் வரவில்லை. பிறகு, கோயிலின் கடைசித் தூண் வரைக்கும் கேட்கிற மாதிரி வந்தது.

"துண்டு கட்டித்தாம்மா இருந்துச்சி. அபினு ஒயுங்காத்தான் கட்டிட்டு பட்த்தான். ரெண்டு நாளா தூக்கம் இல்ல, கண்ணு எரிஞ்சிச்சி, ஆரன் அடிச்சிகினே இருந்தானுங்க. கை தானா அவுத்திச்சி. மூஞ்சத் தொடச்சிகினு கயுத்துல போட்டுகினேன். நான்தாம்மா அவுத்தேன். அவன் மேல தப்பு இல்ல. பயந்துகினு மாத்தி சொல்லிட்டேன்."

டிரைவர்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் ஒருவன் கையால் முகத்தை மூடிக்கொண்டான். உச்சுக்கொட்டின பெண்கள் சேலை மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இக்னேஷியஸ் நின்ற இடத்திலேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவள் சொன்னபோது அவர் நம்பவில்லையே.

இந்த வார்த்தையைக் கேட்டால் என்னவெல்லாம் செய்வோம் என்று சிலுவையம்மாள் மூன்று வருஷமாக நினைத்து வைத்திருந்தாள். அவன் சட்டையைப் பிடிப்பது, தெருவுக்கெல்லாம் கேட்கக் கத்துவது, மண்ணை வாரித் தூற்றுவது. இப்போது அதில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. எம் புள்ள கட்டிட்டுத்தான் படுத்தான், எம் புள்ள கட்டிட்டுத்தான் படுத்தான் என்று மட்டும் உள்ளே ஓடியது.

டெரிக் இன்னொரு காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து மறைத்துக்கொண்டிருந்தான். அதிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். துண்டின் ஈரமில்லாத பக்கத்தைத் தேடித் திருப்பினாள். கருகின பக்கம்தான் வந்தது.

"அந்தக் காலையும் நீட்டுடா," என்றாள்.